வேலைத்தலத்தில் விபத்து: கூட வேலை செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வேலைத்தலம் என்றால் பெரும்பாலும் நாலைந்து பேர் நிற்கிற இடம்தான். வெல்டிங் கடை, கராஜ், மரக்காலை, அரைக்கிற மில், பேக்கரி, வீடு கட்டுகிற வளவு. அங்கே தாதி இல்லை, பாதுகாப்பு அதிகாரி இல்லை. முதலாளியும் சில நாள் சாமான் எடுக்க வெளியே போயிருப்பார். ஒருவருக்கு ஏதும் நடந்தால் பக்கத்தில் நிற்பவர்தான் எல்லாம். அம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவர் என்ன செய்கிறார், என்ன செய்யாமல் விடுகிறார் என்பதில் ஒரு கை, ஒரு கண், சில வேளை ஓர் உயிர் தங்கியிருக்கிறது.

எங்கள் ஆட்களிடம் உதவும் மனத்துக்குக் குறைவில்லை. ஒருவர் விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள், ஓட்டோக்காரர் காசு கேட்காமல் கொண்டுபோவார். குறைவாக இருப்பது முன்கூட்டியே கதைத்து வைப்பது. மெயின் சுவிச்சை யார் நிப்பாட்டுவது, போன் யார் எடுப்பது, ஒழுங்கை வாசலில் யார் நிற்பது என்று ஒரு தேத்தண்ணி நேரம்கூட யாரும் கதைத்திருக்க மாட்டார்கள். கீழே உள்ளதை உங்கள் இடத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது வாசித்து, உங்களுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: எவரும் சொல்லக்கூடிய ஒரு சொல்

விபத்து நடந்த பிறகு விசாரித்துப் பாருங்கள். “அந்த ஏணி ஆடுறது எனக்கு முதலே தெரியும்” என்று ஒருவராவது சொல்வார். தெரிந்தவர் ஏன் வாய் திறக்கவில்லை? ஏணியில் நின்றவர் கன வருட அனுபவமுள்ள மேசன் அண்ணை. கீழே நின்றது போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெடியன். பெரியவருக்கு நான் புத்தி சொல்வதா என்ற தயக்கம் அவன் வாயைக் கட்டிவிடுகிறது. மரியாதை எங்களுக்கு நல்ல குணம்தான். ஆனால் ஓடுகிற கிரைண்டருக்கு முன்னால் அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது.

அதனால் முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு சொல்லை ஒப்புக்கொள்ளுங்கள். “நிப்பாட்டு!” என்பதே போதும். இதில் வயதுக்கும் பதவிக்கும் இடமில்லை. “நிப்பாட்டுங்கோ” என்று இழுக்கவும் தேவையில்லை. கேட்டவர் முதலில் கையை எடுக்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்கலாம். சொன்னது வீண் பயமாகப் போனாலும் சொன்னவரை ஏசக்கூடாது. ஒரு தடவை ஏச்சு வாங்கிய பெடியன் அடுத்த தடவை பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பான். “யார் சொன்னாலும் சரி, நான் உட்பட எல்லாரும் நிப்பாட்ட வேணும்” என்று முதலாளியே தன் வாயால் சொன்னால்தான் இந்த ஏற்பாடு பிடிக்கும்.

அவசரமில்லாத ஆபத்தைச் சொல்லும்போது ஆளைப் பற்றிச் சொல்லாமல் பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். “அண்ணை, உங்களுக்கு ஏணி வைக்கத் தெரியேல்லை” என்றால் சண்டை வரும். “அண்ணை, ஏணியின்ர கால் சறுக்குது, ஒருக்கா இறங்குங்கோ, நான் பிடிக்கிறன்” என்றால் இறங்குவார்.

மயிரிழையில் தப்பியவற்றையும் விட்டுவிடாதீர்கள். மேலே இருந்து விழுந்த சுத்தியல் யாரிலும் படவில்லை என்றால் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். அடுத்த முறை அதே இடத்தில் ஒரு தலை இருக்கலாம். ஒரு கொப்பி வைத்து, என்ன நடந்தது, எங்கே, அதற்குப் பிறகு எதை மாற்றினோம் என்று மூன்று வரி எழுதுங்கள். சம்பளம் கொடுக்கிற நாளில் ஐந்து நிமிடம் அதை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் தேடிப் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஒரே மாதிரி: பிளக் இல்லாமல் வயர் நுனியை நெருப்புக்குச்சியால் சொக்கற்றில் சொருகி வைப்பது, பெரிய டிஸ்க் போடுவதற்காகக் கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றி எறிவது, மில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் சாரம் கட்டிக்கொண்டு நிற்பது. சாரத்தின் தொங்கல் பெல்ட்டில் அகப்பட்டால் மனிதனின் பலம் மோட்டருக்கு முன் நிற்காது. காற்சட்டையோடுதான் மெசினுக்குக் கிட்டப் போக வேண்டும் என்பதை எழுதாத சட்டமாக வைத்திருங்கள்.

படி 2: நாலு பொறுப்பு, நாலு பெயர்

விபத்து நேரத்தில் எல்லோரும் காயப்பட்டவரைச் சுற்றி நிற்பார்கள். சுவிச் அப்படியே கிடக்கும், போன் எடுக்க ஆள் இருக்காது. இதைத் தவிர்க்க நாலு பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். ஒருவர் மின்சாரத்தையும் இயந்திரத்தையும் நிப்பாட்டுவார். ஒருவர் காயப்பட்டவரோடு இருப்பார். ஒருவர் போன் எடுப்பார். ஒருவர் சந்திக்கோ ஒழுங்கை வாசலுக்கோ போய் அம்புலன்ஸைக் கூட்டி வருவார். இரண்டு பேர்தான் என்றால் சுவிச்சை நிப்பாட்டிய கையோடு போனை ஸ்பீக்கரில் போட்டுக் காயப்பட்டவருக்குப் பக்கத்தில் வையுங்கள். பெயர்களைச் சுவரில் ஒட்டுங்கள், ஆள் மாறினால் அன்றைக்கே மாற்றுங்கள்.

அதே தாளில் இடத்துக்கு வரும் வழியையும் எழுதி வைக்க வேண்டும். பதற்றத்தில் சொந்த ஒழுங்கையின் பெயரே வாயில் வராது. எந்த வீதி, எந்தச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது பாடசாலை, கேற் என்ன நிறம் என்று பார்த்து வாசிக்கும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

மெயின் சுவிச்சுக்கு முன்னால் சீமெந்துப் பையோ பலகையோ அடுக்கக்கூடாது. ட்ரிப் சுவிச்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். எலக்ரீசியனைக் கூப்பிட வேண்டும்.

முதலுதவிப் பெட்டியில் அரைவாசி காலாவதியான குளிசைகளாக இருப்பதுதான் வழக்கம். குளிசையை விடத் துணிதான் அதிகம் தேவை: பெரிய காஸ் துணி, அகலமான பண்டேஜ், கையுறை, கத்தரிக்கோல், சுத்தமான பொலித்தீன் பைகள், கண் கழுவ உப்புநீர்ப் போத்தல், ஒரு பேனை. பெட்டிக்குப் பூட்டுப் போடாதீர்கள்.

கையால் செய்து பழகாத முதலுதவி நேரத்துக்குக் கை கொடுக்காது. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. ஒரு இடத்தில் இரண்டு பேராவது போய்ப் பழக வேண்டும். ஒருவர் மட்டும் பழகினால், காயப்படுவது அவராகவே இருக்கலாம்.

படி 3: ஓடிப் போக முன் ஒரு பார்வை

இதுதான் மிகவும் கடினமான படி. கூட்டாளி விழுந்து கிடக்கும்போது நின்று பார்ப்பது கல்மனம் போலத் தோன்றும். ஆனால் அவரை வீழ்த்தியது எதுவோ அது இன்னும் அங்கேயே இருக்கலாம்.

கரண்ட் அடித்தவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிச்சை விழுத்துங்கள். வீட்டு மின்சாரமான 230 வோல்ற்றில், சுவிச்சை எட்ட முடியாவிட்டால் மட்டும், உலர்ந்த பலகையின் மேல் நின்று உலர்ந்த தடியால் வயரைத் தள்ளலாம். வீதியில் போகும் உயர் அழுத்தக் கம்பியில் இரும்புக் கம்பியோ அலுமினிய ஏணியோ பட்டிருந்தால் தடியும் உதவாது. பத்து மீற்றருக்கு அப்பால் நின்று மின்சார சபையின் 1987க்கு அறிவித்து, கரண்ட் துண்டிக்கப்பட்டது என்று உறுதியாகும்வரை எவரையும் கிட்ட விடாதீர்கள். கரண்ட் அடித்தவர் எழுந்து “ஒண்டுமில்லை” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். மின்சாரம் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியது, வெளியே தெரியாமல் உள்ளே தசையையும் சுட்டிருக்கலாம்.

அடுத்தது கிணறு. எங்கள் குடாநாட்டில் கிணறு இறைத்துத் துப்பரவாக்குவதும், மெசினை உள்ளே இறக்கி நீர் இறைப்பதும் சாதாரண வேலை. மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடும் மெசினைக் கிணற்றுக்குள் வைத்தால் அதன் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு அங்கேயே தங்கிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் மயங்குவார், பிறகு மூன்றாமவர். அடைபட்ட இடங்களில் ஒரு சாவு இரண்டு மூன்றாக மாறுவது இப்படித்தான். மலசலகூடக் குழிக்கும் தாங்கிக்கும் இதே கதைதான். மெழுகுதிரியை இறக்கிப் பார்த்து, அது எரிந்தால் காற்று நல்லது என்று நம்புபவர்கள் உண்டு. ஒட்சிசன் குறைந்தால்தான் மெழுகுதிரி அணையும். ஆளைக் கொல்லும் அளவு காபன் மொனொக்சைட் இருக்கும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும்.

மெசினை வெளியே வைத்து நீண்ட குழாயால் இறையுங்கள். இறங்குபவரின் உடம்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும், மேலே அவரை இழுக்கக்கூடிய ஆட்கள் வேறு வேலை பார்க்காமல் நிற்க வேண்டும். அவர் குரல் கொடுக்காவிட்டால் மேலிருந்து இழுங்கள், இறங்காதீர்கள். கயிறு கட்டாமல் இறங்கியிருந்தால் தீயணைப்புப் பிரிவின் 110க்கும் அம்புலன்ஸின் 1990க்கும் அழைத்துவிட்டு, மேலிருந்து காற்றை ஊத முடிந்தால் ஊதுங்கள். அந்த நேரம் இறங்கத் துடிப்பவரைப் பிடித்து நிறுத்துவதும் கூட நிற்பவரின் கடமைதான்.

தீ என்றால், மின்சாரத் தீயிலும் கொதிக்கும் எண்ணெயிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடுப்பில் தீப் பிடித்தவரை ஓட விடாமல் நிலத்தில் கிடத்தி உருட்டுங்கள்.

படி 4: 1990

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு எந்தப் போனிலிருந்தும் அழைக்கலாம், சேவை இலவசம். பலர் இன்னும் முதல் அழைப்பை முதலாளிக்கோ வீட்டுக்காரருக்கோதான் எடுக்கிறார்கள். முதல் அழைப்பு 1990, மற்றவர்கள் அதற்குப் பிறகு.

சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து முதலில் இடத்தைச் சொல்லுங்கள், லைன் இடையில் துண்டிக்கப்பட்டாலும் வண்டி வர வழி கிடைக்கும். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வாசலுக்குப் போகிறவர் நிறமான துணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும், இரவென்றால் ரோச் லைற். கேற்றைத் திறந்து, ஒழுங்கையில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைத் தள்ளி வைப்பதும் அவர் வேலை.

படி 5: காயத்தைப் பார்த்து

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை நேரே காயத்தில் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்ப்பதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள், துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்றை வையுங்கள். கோப்பித்தூளோ மஞ்சளோ சீனியோ போடாதீர்கள். கம்பியோ கண்ணாடித்துண்டோ ஏறி நின்றால் பிடுங்காமல், அதன் இரு பக்கமும் துணியை அணைத்துக் கட்டுங்கள். கையிலோ காலிலோ இரத்தம் பாய்ந்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டில் படாமல், அகலமான துணியால் இரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். மின் வயரும் மெல்லிய கயிறும் சதையை வெட்டும், அவை வேண்டாம். கட்டிய நேரத்தைப் பேனையால் எழுதுங்கள். கட்டை நீங்களாகத் தளர்த்த வேண்டாம்.

மரக்காலையில் வாள் பட்டு விரல் துண்டானால் எல்லோரும் விரலைத் தேடுவார்கள். முதலில் கையில் இரத்தத்தை நிறுத்துங்கள், ஒருவர் மட்டும் தேடட்டும். கிடைத்த விரலை உரசிக் கழுவாமல், சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். பக்கத்துக் கூல் பாரில் ஐஸ் வாங்கி அதற்குள் விரலை நேரே புதைத்தால் தசை உறைந்து பழுதாகிவிடும். பையில் பெயரையும் நேரத்தையும் எழுதி, காயப்பட்டவர் போகும் அதே வண்டியில் அனுப்புங்கள். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்க முன் கழற்றிவிடுங்கள்.

சூட்டுக் காயத்துக்கு ஓடும் தண்ணீர், 20 நிமிடம் குறையாமல். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டிப்போன உடுப்பை இழுக்காதீர்கள்.

கண்ணில் சீமெந்தோ சுண்ணாம்போ பற்றரி அசிட்டோ பட்டால், கண்ணை விரல்களால் விரித்துப் பிடித்து 20 நிமிடம் நீர் ஊற்றுங்கள், நல்ல கண்ணுக்குள் ஓடாதபடி தலையைச் சாய்த்து. ஆஸ்பத்திரியை நினைத்துக் கழுவுவதைச் சுருக்கக்கூடாது. கிரைண்டர் இரும்புத்தூள் குத்தி நின்றால் மாத்திரம் தேய்க்காமல், துணி நுனியால் நோண்டாமல், மூடிக்கொண்டு போக வேண்டும்.

உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்காதீர்கள். கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால், இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே நரம்பு அறுபடக்கூடும். அவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்தபடி, “அண்ணை, தலையை அசைக்காதேங்கோ, நான் பிடிச்சிருக்கிறன், அம்புலன்ஸ் வருது” என்று கதைத்துக்கொண்டிருங்கள். தீ, இடிந்து விழும் சுவர், நச்சுக்காற்று இருந்தால் மட்டும் நகர்த்தலாம். நினைவில்லாமல் வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி பல பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள்.

கூப்பிட்டும் அசையாமல், ஒழுங்காக மூச்சும் இல்லாவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கழுத்தைப் பற்றிய பயத்துக்காகக்கூட இதைப் பிந்தப் போடக்கூடாது. இடையிடையே திணறுவதுபோல் வரும் மூச்சு மூச்சுக் கணக்கில் சேராது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, மற்றக் கையை அதன் மேல் வைத்து, முழங்கை மடியாமல், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. வாய்வழி மூச்சுக் கொடுக்கத் தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும். தெரிந்தவர், முக்கியமாக நீரில் மூழ்கியவருக்கும் நச்சுக்காற்றில் மயங்கியவருக்கும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்க வேண்டும். நச்சுக்காற்று என்றால் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்த பிறகு.

சோடாவும் தண்ணீரும் எவருக்கும் கொடுக்காதீர்கள். அன்பினால்தான் கொடுக்கிறோம், ஆனால் சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

படி 6: ஓட்டோவில் ஏற்றலாமா?

கை வெட்டு, கண் காயம், நடக்கக்கூடியவர் என்றால் ஏற்றலாம். கூட ஒருவர் காயத்தை அழுத்தியபடி போக வேண்டும். விழுந்தவர், நினைவில்லாதவர், கால் முறிந்தவர், மூச்சுக்குக் கஷ்டப்படுபவர் அம்புலன்ஸில்தான். ஓட்டோவின் ஆசனத்தில் ஒருவரை நீட்டிக் கிடத்த முடியாது, மடித்துத்தான் ஏற்ற வேண்டும். முதுகெலும்பு முறிந்தவருக்கு அந்த மடிப்பே போதும். நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களில் கடலையும் கடக்க வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் அகலமான பலகை ஒன்றும் நாலு பட்டியும் எப்போதும் தயாராக வைத்திருப்பது நல்லது.

படி 7: ஆஸ்பத்திரியிலும் அதற்குப் பிறகும்

போதனா வைத்தியசாலையானாலும் தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளானாலும், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். “பொலிஸ், கோடு என்று அலைய வேண்டி வரும், வீட்டில விழுந்தது எண்டு சொல்லு” என்று காதில் ஓதுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். எத்தனை அடி உயரம், எந்த இரசாயனம், எந்த மின்சாரம் என்று தெரியாமல் வைத்தியர் சரியாகப் பார்க்க முடியாது. அதோடு, வேலைத்தலத்தில் நடந்தது என்று பதிவில் இல்லாவிட்டால் பிறகு நட்டஈடு கேட்கும்போது காயப்பட்டவரின் கை வெறுங்கையாக இருக்கும். முதலாளிக்கு விசுவாசமாக இருக்கலாம், அந்தப் பொய்யின் விலையைக் கட்டப்போவது காயப்பட்டவரின் பிள்ளைகள்.

1934இன் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். 2022இல் வந்த திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும் இடங்களில் உயிரிழப்பையும், மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போகும் காயத்தையும் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். விவரம் கேட்கத் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போகலாம். டயக்னோசிஸ் கார்ட், மருந்துச் சிட்டைகள், சம்பளம் வாங்கிய அத்தாட்சி எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வைக்க, காயப்பட்டவரின் வீட்டாருக்குக் கூட வேலை செய்பவர் ஒருவர் உதவ வேண்டும். அவர்கள் அப்போது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே வேலைத்தலத்தில் நிற்பவர்கள், ஆபத்து நீங்கியதும் இடத்தைக் கழுவித் துடைக்க முன் போனில் படம் எடுங்கள்: இயந்திரம், சுவிச், ஏணி நின்ற இடம். காயப்பட்டவரின் முகத்தைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுபவரைத் தடுங்கள். அதைப் பார்த்துத்தான் ஒரு தாய் சேதியை அறிய நேரும். வீட்டுக்கு ஒருவர் மட்டும், நிதானமாகக் கதைக்கக்கூடியவர், போன் எடுக்கட்டும்.

அன்று பின்னேரமோ அடுத்த நாள் காலையோ, கண்டவர்கள் எல்லோரும் இருந்து கதைக்க வேண்டும். “ஆர் பிழை?” என்று தொடங்கினால் ஆளுக்காள் வாயை மூடிக்கொள்வார்கள். “முதல்ல என்ன நடந்தது, அதுக்கு முதல் என்ன?” என்று பின்னோக்கிக் கேட்டுப் போனால் கழற்றி வைத்த காப்பு மூடியோ, தேய்ந்த பெல்ட்டோ, மழைக்குள் அவசரப்படுத்திய வேலையோ வெளியே வரும். அதைக் கொப்பியில் எழுதி, திருத்தும்வரை அந்த மெசினுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.

இரத்தத்தைத் துடைத்த பெடியனையும் கவனியுங்கள். நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், மெசின் சத்தம் கேட்டாலே கை நடுங்கும் நிலை சிலருக்கு வரும். சில கிழமைக்குள் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு ஒருவர் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டான்.

காயப்பட்டவர் வேலைக்குத் திரும்பும் நாளில், அதே மெசினில் அவரை உடனே நிறுத்தாதீர்கள். திருத்திய இடத்தை முதலில் அவருக்குக் காட்டுங்கள்: புதுக் காப்பு மூடி, மாற்றிய பெல்ட், கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்த சுவிச். எப்போது தொடுவது என்பதை அவர் சொல்லட்டும். முதல் கிழமை முழுக்க, அவர் மெசினில் நிற்கும் நேரமெல்லாம் சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.